கோட்டு மாட்டும் சுவர்

ரீகாவில் டிராம் ஓட்டுநர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி.
புதிய பிரேக், பழைய பாடம்.
சாப்பாட்டு இடைவேளையில்
மழைக்கு ஒதுங்கத்தான் மியூசியத்துக்குள் போனேன்.

மூன்றாவது அறையில் ஓர் ஆறு உறைந்து கிடந்தது.
அதன் நடுவே கதவளவுக்கு ஒரு கறுப்புத் துளை.
ஏழு பேர் முதுகு காட்டிக் கரைக்குப் போகிறார்கள்,
காலி சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு.
எட்டாவது ஆள் போகவில்லை.
ஆணா பெண்ணா, போர்வைக்குள் தெரியவில்லை.
வானம், தேய்க்காத அலுமினியப் பாத்திரத்தின் அடி.
அவ்வளவுதான் படம்.

காவலுக்கு இருந்த அம்மாள்
எனக்கு மறைக்கிறதென்று
தன் நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.
பிரேக் பாடத்துக்கு நான் திரும்பிப் போகவில்லை.

என் குடும்பத்தில் தண்ணீர் யாரையும் கொண்டுபோனதில்லை.
அல்டிஸ் குடும்பத்திலும் இல்லை. கேட்டுவிட்டேன்.
பிறகு எதற்குப் பதினான்கு யூரோ கொடுத்து
அச்சுப் படத்தைச் சுருட்டி வாங்கி
லியெபாயா வரைக்கும் மூன்றரை மணி நேரம்
பேருந்தில் நெட்டுக்குத்தலாகப் பிடித்தபடி வந்தேன்?
அதை மட்டும் கேட்காதே என்றேன்.
அவன் கேட்கவில்லை.
"சூப்புக்கு மேலே வேண்டாம், அவ்வளவுதான்."

சரி, சமையலறை இல்லை.
படுக்கையறையில் மூன்று ராத்திரி வைத்துப் பார்த்தோம்.
நாலாம் நாள் காலை சாக்ஸ் மாட்டிக்கொண்டே
"அந்த எட்டாவது ஆளுக்குக் குளிராதா" என்றான்.
கழற்றிவிட்டேன்.
கூடத்தில் மாட்டியபோது நாத்தனார் ஸைகா வந்தாள்.
"சந்தையில் பூ விற்கிறார்கள், தெரியுமா?"

மிஞ்சியது நடை.
நுழைந்ததும் கோட்டு மாட்டும் சுவர்,
அதில் கொக்கி வரிசைக்குக் கீழே கொஞ்சம் இடம்.
கான்கிரீட். ஞாயிற்றுக்கிழமை துளை போட்டால்
கீழ்வீட்டு ப்ரூவெரிஸ் துடைப்பக் கட்டையால் இடிப்பார்.
இடித்தார்.
நான் இன்னும் அழுத்தினேன்.
சாம்பல் மாதிரிப் பொடி என் செருப்பில் கொட்டியது.

நவம்பரில் ஹீட்டர் பார்க்க வந்த இண்டுலிஸ்
பனியில் துளை போட்டு மீன் பிடிக்கிறவன்.
தன் ஜாக்கெட்டுக்கு இடம்பண்ணக் கோட்டுகளை ஒதுக்கியவன்
அப்படியே குனிந்தான்.
"இது உடைந்த பனி இல்லை. ரம்பம்.
மூலையைப் பாருங்கள், நாலும் நேர்."
குதிரைக்குத் தண்ணீர் காட்ட, துணி அலச,
மீனுக்கு, கோடைக்கு ஐஸ் எடுத்துவைக்க
என்று விரல் மடக்கினான்.
எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது.
"அப்படியென்றால் யாரும் சாகவில்லையா?"
"நான் அப்படிச் சொல்லவில்லையே" என்றான்.
"கீழே போனவனை எடுக்கவும் அறுக்கத்தானே வேண்டும்."
பிறகு ஹீட்டரைத் தட்டிப் பார்த்து
காற்று அடைத்திருக்கிறது என்றான்.
காலி வண்டியை நான் அவனுக்குக் காட்டவில்லை.

குளிர்காலம் முழுக்கப் படம் கோட்டுகளுக்குப் பின்னால்.
என் சீருடையின் கைக்கும் அவன் மப்ளருக்கும் இடையில்
ஏழு பேரில் இரண்டு பேர் தெரிவார்கள்,
எப்போதும் அதே இரண்டு பேர்.
கடைசி டிராமை நிறுத்திவிட்டு வந்து
நனைந்த கோட்டை மாட்டும்போது
அந்த ஆளுக்குப் போர்த்துகிறேனோ என்றிருக்கும்.
அல்டிஸிடம் சொன்னேன்.
"போர்த்துவதென்றால் உலர்ந்ததைப் போர்த்து" என்றான்.

மே பிறந்து கோட்டுகள் பெட்டிக்குள் போயின.
ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம்.
பையன்கள் சட்டையில்லாமல் சைக்கிள் விடுகிறார்கள்.
எங்கள் நடையில் மட்டும் ஆறு உறைந்துவிட்டது,
இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும்.

இப்போதுதான் அல்டிஸ் வேலையிலிருந்து வந்தான்.
கதவுச் சத்தம் கேட்டது.
ஐந்து கொக்கியும் காலிதான்.
தொப்பியைக் கழற்றியவன் மாட்டவில்லை.
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

உருளைக்கிழங்கு வெந்துவிட்டது.
கூப்பிடலாம்.
இன்னும் கொஞ்சம் போகட்டும்.